அண்டாவுக்கும் மூடிக்கும் ஒரே நம்பர்

பொருள்கள் காணாமல் போகும் என்பதில் மரிய அனிதாவுக்கு நம்பிக்கை கிடையாது. "காணாமப் போறதுன்னு ஒண்ணும் இல்லைங்க. எங்குட்டு இருக்குன்னு நமக்குத் தெரியாமப் போறது வேணா உண்டு" என்பாள். அதைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. சிரித்தவர்களில் பாதிப் பேர் பிற்பாடு ஆளனுப்பி அவளைத் தங்கள் கடைக்கு வரச் சொன்னார்கள். தொண்ணூறுகள் முடிகிற சமயத்தில் காரைக்குடியில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிப் போட்ட அச்சகமோ, அரிசி மண்டியோ, ஜவுளிக்கடையோ, பெட்டி வந்து இறங்கிய கையோடு அவளை ஒரு நடை கூட்டி வந்து காட்டிவிடுவது வழக்கமாகியிருந்தது. அவள் வருவாள். பெட்டியைச் சுற்றிப் பின்பக்கம் போய்ப் பார்ப்பாள். கொண்டுவந்த சின்ன அலுமினியத் தகடுகளை ஒவ்வொன்றாக ஒட்டுவாள். காபி கொடுத்தால் குடிப்பாள், ஹார்லிக்ஸ் கொடுத்தால் வேண்டாம் என்பாள். அவ்வளவுதான் வேலை. அந்த வேலையை அவள் எங்கே கற்றுக்கொண்டாள் என்று கேட்டால் மட்டும் கம்ப்யூட்டர்காரர்கள் பேச்சை மாற்றுவார்கள். வாடகைப் பாத்திரக் கடையில் கற்றுக்கொண்டாள் என்று சொல்ல அவர்களுக்குக் கொஞ்சம் கூச்சம்.

கடை அவளுடைய மாமியார் வியாகுலம்மாளுடையது. செக்காலையில் மாதா கோயிலுக்குப் போகிற வழியில், முன்பக்கம் தகரக் கொட்டகை போட்டது. கல்யாணம், காதுகுத்து, பிள்ளைகள் முதல் நற்கருணை வாங்குகிற புதுநன்மை, சஷ்டியப்தபூர்த்தி எதுவானாலும் அங்கிருந்துதான் அண்டாவும் தவலையும் குண்டானும் கரண்டியும் ஜமுக்காளமும் வண்டியேறும். போவதில் ஒரு சங்கடமும் இல்லை. திரும்பி வருவதில்தான் இருக்கிறது சங்கதி. செட்டிநாட்டு வீட்டுக் கல்யாணம் என்றால் சமையல் நடக்கிற ஆக்குப்புரையில் மூன்று கடைப் பாத்திரம் ஒன்றாகக் கிடக்கும். வீட்டுக்காரர்களுடைய சொந்தப் பாத்திரம் வேறு. எல்லாம் ஒரே மாதிரி பித்தளை, ஒரே மாதிரி கரி. அதனால் வியாகுலம்மாள் கடையில் ஒவ்வொரு சாமானிலும் 'வி' என்று போட்டு ஒரு எண்ணும் வெட்டியிருக்கும். அண்டாவுக்கு ஏழு என்றால் அதன் மூடிக்கும் ஏழு. எட்டாம் மூடியோடு ஏழாம் அண்டா திரும்பி வந்தால் இறக்க விடமாட்டாள். "மூடிய மாத்திக் குடுத்திருக்கீக, போய் எடுத்துட்டு வாங்க" என்று வண்டியைத் திருப்பியே விடுவாள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது என்பதால் அந்த இரண்டு மாதத்தில் கடையை முழுக்க வெளியே பரப்பி எண்ணிப் பார்ப்பார்கள்.

தேவகோட்டையிலிருந்து பி.காம். படித்துவிட்டு வியாகுலம்மாளின் மகன் மரிய ஜெரால்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த அனிதாவிடம், வந்த மறு வருஷமே, பேர் வெட்டுகிற மெஷினை மாமியார் ஒப்படைத்தாள். தடித்த பேனா மாதிரி ஒரு கருவி. கரண்டில் ஓடும். கர்ரென்று தெருக்கோடி வரை கேட்கும். அந்தக் குடும்பத்தில் அதைவிடப் பெரிய மரியாதை எதுவும் இல்லை. நகையைக்கூட மருமகளிடம் அதற்கப்புறம்தான் கொடுத்தாள்.

கடை வருமானம் முகூர்த்த மாதங்களில் மட்டும் என்பதால் அனிதா வேலைக்கும் போனாள். அதே செக்காலை ரோட்டில் முத்தரசு ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார். நாச்சியாபுரத்துக்காரர். வயலும் கிணறுமாக இருந்த குடும்பத்தில் முதல் முதலாகக் கம்பெனி, கம்ப்யூட்டர் என்று கிளம்பியவர். பையன்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுப்பது, கடைகளுக்கு வாடகைக்கு விடுவது, கெட்டுப்போனால் சரி செய்து தருவது என்று மூன்று தொழில் ஒரே கூரையின் கீழ் நடந்தது. நல்ல மனிதர். கோபம் வந்தால் மட்டும் காது அடைத்துக்கொள்ளும். ஆபீஸ் நிர்வாகம் முழுக்க அனிதா. கெட்டுப்போன பெட்டிகளைத் திறந்து பார்க்கிற வேலை சின்னக்கண்ணுவுக்கு. ஐ.டி.ஐ. முடித்தவன். ஸ்க்ரூ டிரைவரைச் சட்டைப் பையில் பேனா போலச் செருகிக்கொண்டு திரிவான். அனிதாவை அக்கா என்பான். அவன் திறந்த பெட்டி திரும்பக் கெட்டுப்போய் வந்ததாக யாரும் சொன்னதில்லை.

முத்தரசுக்கு ஒரு பெருமை உண்டு. தன் சென்டரில் இருக்கிற அத்தனை சாமானையும் கம்ப்யூட்டரிலேயே கட்டம் போட்டு அடித்து, பிரிண்ட் எடுத்து, முருகன் படத்துக்குக் கீழே ஒட்டியிருந்தார். முதல் மேசை, இரண்டாம் மேசை என்று வரிசையாக இருக்கும். எந்த மேசையில் பழைய பெட்டி, எந்த மேசையில் புதியது, உள்ளே மெமரி எவ்வளவு, எப்போது வாங்கியது, எல்லாம் அதில் உண்டு. மேசைவாரியாகப் பிள்ளைகளுக்கு நேரம் ஒதுக்குகிறவருக்கு அது வசதிதான். அனிதா பார்த்த அன்றைக்கே சொன்னாள்.

"அண்ணே, மேசைக்கு நம்பர் போட்டிருக்கீக. பெட்டிக்குப் போடலையே."

"மேசை மேலதானத்தா பெட்டி இருக்கு?"

"பெட்டிக்குக் கால் இல்ல, சரி. நமக்குக் கை இருக்குல்ல. தூக்கி வேற மேசையில வச்சிட்டா?"

"இது என்ன பாத்திரக்கடையா, ஆளாளுக்குத் தூக்கிட்டுப் போக?" என்று சிரித்தார் முத்தரசு. அவளும் விட்டுவிட்டாள். அடித்துச் சொல்லியிருக்க வேண்டும். அவளிடம் இருக்கிற குறையே, தனக்குத் தெரிந்தது மற்றவர்களுக்கும் கூடிய சீக்கிரம் தெரிந்துவிடும் என்று நினைத்துக்கொள்வதுதான்.

அந்த வருஷம், தொண்ணூற்றேழில், மதுரையில் ஒரு டீலரிடம் நான்கு புதிய பெட்டிகள் வாங்கினார்கள். பழைய பெட்டிகளும் அதே வெள்ளை, அதே உயரம், முன்பக்கம் அதே இரண்டு பொத்தான். வித்தியாசம் உள்ளேதான். புதியவற்றில் மெமரி இரண்டு மடங்கு. பின்பக்கம் மூடி சேருகிற இடத்தில் டீலர் ஒரு சிறிய காகித சீல் ஒட்டியிருந்தார். ஒரு வருஷத்துக்கு எது கெட்டாலும் அவர் பொறுப்பு, ஆனால் சீலைக் கிழித்து வேறு யாரும் திறக்கக் கூடாது. சின்னக்கண்ணு அந்த நான்கு பெட்டிகளின் பக்கமே போகவில்லை. டீலருடைய ஆட்களே வந்து மாட்டிவிட்டுப் போனார்கள்.

பிறகு ஆயுத பூஜை வந்தது.

ஆயுத பூஜை என்றால் முத்தரசு குறை வைக்க மாட்டார். அத்தனை கம்ப்யூட்டரையும் மேசையிலிருந்து இறக்கி, ஈரத்துணியால் துடைத்து, முன்னறையில் ஜமுக்காளம் விரித்து வரிசையாக உட்கார வைத்தார்கள். ஜமுக்காளம் வியாகுலம்மாள் கடையுடையது. ஒவ்வொரு பெட்டி நெற்றியிலும் சந்தனம், குங்குமம், மேலே ஒரு துண்டு செவ்வந்திச் சரம். அனிதா ஜெபமாலைக்காரி என்றாலும் பொரியும் அவலும் வாங்கிக்கொள்ள முன்னாடியே போய் நின்றாள். ராத்திரி அப்படியே வைத்து, மறுநாள் விஜயதசமி காலையில் எடுத்து மேசைக்குக் கொண்டுபோக வேண்டும். அந்தக் காலையில்தான் கூட்டம். விஜயதசமியில் சேர்த்தால் படிப்பு ஏறும் என்று காரைக்குடியில் பாதிப் பெற்றோர் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார்கள். நல்ல நேரம் முடிவதற்குள் பெட்டிகளை மேசையில் ஏற்ற வேண்டியிருந்தது. முத்தரசு ஒன்றைத் தூக்கினார், அனிதா ஒன்றைத் தூக்கினாள், சேர வந்த பிள்ளையின் அப்பா ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானும் ஒன்றைத் தூக்கினார். சின்னக்கண்ணு மட்டும் இல்லை. குலதெய்வத்துக்குக் கிடாய் வெட்டு என்று இரண்டு நாள் லீவு போட்டிருந்தான்.

அதற்கடுத்த வாரம் திருப்பத்தூரிலிருந்து சொக்கு போன் பண்ணினார். முத்தரசுக்கு மைத்துனர் முறை. அங்கே ஜவுளிக்கடை வைத்திருந்தார். தீபாவளி முடியும் வரை பில் போட ஒரு கம்ப்யூட்டர் வாடகைக்கு வேண்டும், பழசு போதும், சல்லிசாக இருக்க வேண்டும் என்றார். முத்தரசு தன் பட்டியலைப் பார்த்தார். இரண்டாம் மேசை, பழையது. அந்தப் பெட்டியைக் காரில் ஏற்றித் தானே கொண்டுபோய் மாட்டிக் கொடுத்துவிட்டு, மைத்துனர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தபோது மதுரை டீலரின் ஆள் வந்தார். விற்ற பெட்டிகளை மூன்று மாதத்துக்கொரு தடவை வந்து பார்ப்பது ஒப்பந்தம். பட்டியலை வைத்துக்கொண்டு நான்கு மேசைகளுக்கும் போனார். மூன்று சரியாக இருந்தன. ஐந்தாம் மேசையில் நின்றுவிட்டார்.

"சார், இதுல எங்க சீல் இல்ல. மெமரியும் பாதிதான் காட்டுது. யாரோ திறந்து உருவியிருக்காங்க."

முத்தரசு வந்து பார்த்தார். ஐந்தாம் மேசை, புதியது என்று முருகன் படத்துக்குக் கீழே தெளிவாக இருந்தது. பெட்டியிலோ பாதி மெமரி. ஒரு துண்டு மெமரி அன்றைக்கு விற்ற விலைக்குச் சைக்கிள் வாங்கலாம். அவர் திரும்பிச் சின்னக்கண்ணுவைப் பார்த்தார். சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது.

"இங்க பெட்டியத் திறக்குறது யாரு?"

"நான்தாண்ணே. ஆனா புதுசு நாலையும் நான் தொடலண்ணே."

"போன மாசம் தேவகோட்டையில வக்கீல் வீட்டுக்கு நீயா ஒரு கம்ப்யூட்டர் மாட்டிக் குடுத்தியே. அதுக்கு மெமரி எங்க வாங்குன?"

சின்னக்கண்ணுவின் முகம் செத்துப்போனது. மதுரையில் வாங்கினேன் என்று சொன்னான். சொன்ன குரல் அவனுக்கே கேட்டிருக்காது. நிரபராதிகளுக்கு இது ஒரு கஷ்டம். குற்றவாளியாவது பதிலைத் தயாரித்து வைத்திருப்பான்.

"நீ கிளம்பு. சாவிய வச்சிட்டுப் போ" என்றார் முத்தரசு. "நாளைக்கு நம்ம ஊர்ல சென்டர் வச்சிருக்கவுக எல்லாருக்கும் ஒரு வார்த்த சொல்லிருவேன். எவனும் ஏமாந்துறக் கூடாதுல்ல."

அந்த ஒரு வார்த்தை போதும். காரைக்குடியில் ஒருவனைத் தன் பெட்டியைத் திறக்கவிடுவது என்பது அடுப்படிக்குள் விடுவது மாதிரி. கை சுத்தமில்லை என்று பேர் வந்துவிட்டால் அவனைக் கூப்பிட்டு ஒரு பியூஸ்கூடப் போடச் சொல்லமாட்டார்கள். தெரிந்த தொழில் அது ஒன்றுதான். சின்னக்கண்ணு சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டு, செருப்பை மாட்டக்கூட நிற்காமல் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினான். அனிதா குறுக்கே வந்தாள்.

"அண்ணே, கொஞ்சம் பொறுங்க. காணாமப் போன மூடி முக்காவாசி திருடு போனதா இருக்காது. வேற அண்டா மேல உக்காந்திருக்கும்."

"பாத்திரக்கடைப் பேச்ச இங்க கொண்டுவராதே அனிதா."

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. ஒவ்வொரு மேசையாகப் போய்க் கம்ப்யூட்டரை அணைத்து அணைத்துப் போட்டாள். போடும்போது கறுப்புத் திரையின் மேல் மூலையில் மெமரியை எண்ணிக்கொண்டு ஒரு எண் ஏறும். பழைய பெட்டி என்றால் பதினாறாயிரத்துச் சொச்சத்தில் நின்றுவிடும். புதியது முப்பத்திரண்டாயிரம் தாண்டும். அத்தனை மேசையிலும் எண் ஏறுவதைப் பார்த்தாள். புதியது மூன்றே மூன்றுதான். நான்காவது இந்தக் கூரைக்குக் கீழே இல்லை. கூரையைத் தாண்டிப் போயிருந்தது ஒரே ஒரு பெட்டிதான்.

"திருப்பத்தூருக்குப் போனது புதுசு அண்ணே. விஜயதசமி அவசரத்துல அஞ்சாம் மேசையில ஏற வேண்டியத ரெண்டுல ஏத்திட்டோம். அந்தப் பழசு இந்தா, இங்க வந்து உக்காந்திருக்கு."

"நானே கொண்டுபோயி நானே மாட்டுனேன். எனக்குத் தெரியாதா?"

"எண்ணு ஏறுனதப் பாத்தீகளா?"

முத்தரசு முருகன் படத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார். பார்த்திருக்கமாட்டார். மைத்துனர் வீட்டு நாட்டுக்கோழிக் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது என்று பிற்பாடு அவரே ஒத்துக்கொண்டார். அந்த நேரத்தில் ஒத்துக்கொள்ளவில்லை. சொக்குவுக்கு ஒரு போன் போட்டுப் பார்த்தார். தீபாவளிக் கூட்டத்தில் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டுப் பார்க்கச் சொன்னால் எந்த ஜவுளிக்கடைக்காரர் பார்ப்பார்? "தீபாவளி முடியட்டும் மாப்ளே" என்று வைத்துவிட்டார். தீபாவளி முடிகிறவரை சின்னக்கண்ணு திருடனாக இருக்க வேண்டும் என்பது அனிதாவுக்குச் சம்மதமில்லை. அரை நாள் லீவு என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள்.

திருப்பத்தூர் பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. குன்றக்குடி வந்ததும் பஸ்ஸில் இருந்தவர்கள் மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அனிதா சிலுவை போட்டுக்கொண்டாள். பயமெல்லாம் ஒன்றும் இல்லை. பெட்டி அங்கேதான் இருக்கிறது என்பதில் அவளுக்குத் துளி சந்தேகமில்லை. அதை அணைக்கச் சொல்லிச் சொக்குவைச் சம்மதிக்க வைப்பதுதான் எப்படி என்று யோசித்துக்கொண்டே போனாள்.

சொக்குவின் கடையில் கால் வைக்க இடமில்லை. பாவாடைத் துணி, சுங்கடி, பையன்களுக்கு டவுசர் என்று ஆளாளுக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். பில் போடுகிற இடத்தில் கம்ப்யூட்டரை மரக்கூண்டுக்குள் இறக்கி, முன்பக்கத்தை மட்டும் வெளியே விட்டிருந்தார்கள். நெற்றியில் சந்தனம் காய்ந்து திட்டாக அப்படியே இருந்தது. பின்பக்கம் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. சீலைப் பார்க்க வழியில்லை.

"அண்ணே, நான் காரைக்குடி சென்டர்லருந்து வாரேன். ஒரு நிமிசம் மெஷின அணைச்சுப் போட்டுக்கிறவா?"

"ஏத்தா, வெளையாடுறியா? இந்தக் கூட்டத்தப் பாத்தேல்ல?"

"அப்ப ஓரமா நின்னுக்கிறேன். கூட்டம் குறையட்டும்."

"குறையாது. தீபாவளி வரைக்கும் குறையாது."

"பரவால்ல, நிக்கிறேன்."

சொக்கு ஒருமாதிரி பார்த்தார். பெண்பிள்ளையை நிற்க வைத்தால் நன்றாயிருக்காது என்று ஒரு ஸ்டூலைப் போடச் சொன்னார். பிறகு அவளை மறந்துவிட்டார். அவள் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பில் போடுகிறவர் இடையில் ஒரு தடவை புலம்பினார். கரண்டு போனால் போட்ட பில் எல்லாம் அழிந்துபோகிறதாம், பேட்டரிப் பெட்டி ஒன்றும் தரவில்லையாம். அனிதா தலையாட்டினாள். சல்லிசாகக் கேட்டது அவருடைய முதலாளிதான் என்று சொல்ல வாய் வந்தது, விழுங்கிக்கொண்டாள். ஆனால் அவர் சொன்னது மனசில் விழுந்தது. திருப்பத்தூர் மின்சாரத்தின் மேல் அவளுக்கு இருந்த நம்பிக்கை சின்னது இல்லை. தீபாவளி சமயம், எல்லாக் கடையிலும் சீரியல் பல்பு. தாங்காது.

தாங்கவில்லை. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் பட்டென்று எல்லாம் போயிற்று. கடை முழுக்க ஐயோ என்றது. பில்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். அனிதா ஒருத்திதான் ஸ்டூலிலிருந்து சந்தோஷமாக எழுந்தாள்.

"சொக்கண்ணே, கரண்டு வந்ததும் நானே போடுறேன். நீங்க பக்கத்துல நின்னு பாருங்க. நீங்க பாத்தது எனக்கு வேணும்."

பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் சொக்கு வந்து நின்றார். அந்தப் பெண்ணின் குரலில் அப்படி ஒரு உறுதி இருந்தது. கொஞ்ச நேரத்தில் கரண்டு வந்தது. அனிதா பொத்தானை அழுத்தினாள். திரை கறுத்து, மேல் மூலையில் எண் ஏற ஆரம்பித்தது. எட்டாயிரம் தாண்டியது, பன்னிரண்டாயிரம் தாண்டியது. பதினாறாயிரத்துச் சொச்சம் வந்தது.

நிற்கவில்லை. ஏறிக்கொண்டே போயிற்று. அனிதாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவும் மறந்துபோனாள். முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சத்தில் நின்றது.

"என்னத்தா, நல்லதா கெட்டதா?" என்றார் சொக்கு.

"நல்லது அண்ணே. இப்பக் கூண்டக் கொஞ்சம் இழுங்க."

இழுத்தார்கள். பின்பக்கம் மூடி சேருகிற இடத்தில் மதுரை டீலரின் சீல் கிழியாமல் இருந்தது. சொக்குவையும் ஒரு தடவை விரலால் தடவிப் பார்க்கச் சொன்னாள். அவரைக் கையோடு எதிரிலிருந்த எஸ்.டி.டி. பூத்துக்குக் கூட்டிப் போய் முத்தரசுக்குப் போன் போட்டாள். முதலில் சொக்குவைப் பேசச் சொன்னாள். அவர் பேசி முடித்துத் தன்னிடம் கொடுத்தபோது அந்தப் பக்கம் சாவிக்கொத்து குலுங்குகிற சத்தம்தான் கேட்டது.

"அண்ணே, இருக்கீகளா?"

"இருக்கேன். சரி. வரும்போது இங்குட்டு இறங்கி சாவிய வாங்கிட்டுப் போயி அவன் வீட்டுல குடுத்துரு. நாளைக்கு வரச் சொல்லு" என்றார்.

"அது என்னால ஆகாதுண்ணே."

"ஏன்?"

"வாங்குன கைதான் திருப்பிக் குடுக்கணும். எங்க கடையில அதுதான் வழக்கம். அண்டாவ இறக்குன ஆளு வந்துதான் எண்ணிக் குடுக்கணும், மச்சினன் மாப்பிள்ளைய அனுப்புனா வாங்க மாட்டோம்."

சொல்லிவிட்டு அவளே போனை வைத்தாள். பூத்துக்காரன் பில்லைக் கிழித்துக் கொடுத்தான். சொக்கு காசு கொடுத்தார். முதலாளியிடம் இப்படிப் பேசினால் வேலை இருக்குமா என்று பஸ் ஏறிய பிறகுதான் அவளுக்குத் தோன்றியது. இருந்தால் இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் அவள் போனபோது ஷட்டர் ஏற்றியிருந்தது. வழக்கமாக ஏற்றுகிற ஆள்தான் ஏற்றியிருந்தான். சின்னக்கண்ணு வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான்.

"நேத்து ராத்திரி வீட்டுக்கு வந்தாரு அக்கா" என்றான் மெதுவாக. "ஒண்ணும் பேசல. சாவியக் குடுத்தாரு. சாப்பிடுங்கன்னேன். உக்காந்து சாப்பிட்டாரு. ரசம் ரெண்டாந்தடவ கேட்டு வாங்குனாரு."

"நீ என்ன சொன்ன?"

"ஊத்துனேன்."

உள்ளே முருகன் படத்துக்குக் கீழே சுவர் காலியாக இருந்தது. பட்டியலை முத்தரசு தானே கிழித்திருந்தார். அனிதாவைப் பார்த்ததும் மேசையைத் தட்டிக்கொண்டே, "ஒங்க பாத்திரக்கடை மெஷினு கிடைக்குமா?" என்றார்.

கிடைப்பது அவ்வளவு சுலபமாக இல்லை. வியாகுலம்மாள் ஒரே பிடியாக நின்றாள்.

"எம் மெஷினு பித்தள வெட்டுற மெஷினு. கம்ப்யூட்டர வெட்டுனா ஊசி தேஞ்சு போகும்."

"தேஞ்சா முத்தரசு அண்ணன் புது ஊசி வாங்கித் தருவாக அத்தை."

"அந்தப் பெட்டிய எவன் அடுப்புல ஏத்தப்போறான், மாறிப்போக?"

"அடுப்புல ஏத்தல. மேசையில ஏத்துனாக. மாறிப்போச்சு."

வியாகுலம்மாள் யோசித்தாள். "மூடி உண்டா அதுக்கு?" என்று கேட்டாள்.

"மானிட்டர், கீபோர்டு, மவுசுன்னு மூணு மூடி உண்டு."

"மூணுக்கும் ஒரே நம்பர் வெட்டணும்" என்று மெஷினை எடுத்துக் கொடுத்தாள். அதற்கப்புறம் செக்காலையில் யார் வந்தாலும், கம்ப்யூட்டருக்கு மூணு மூடி என்று அவளே விளக்கம் சொல்ல ஆரம்பித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து அனிதா மெஷினோடு சென்டருக்குப் போனாள். பெட்டி மேலேயே வெட்டினால் அதிர்வில் உள்ளே டிஸ்க் கெட்டுவிடும் என்றான் சின்னக்கண்ணு. அதனால் அலுமினியத் தகட்டில் எண் வெட்டிப் பசை போட்டு ஒட்டுவது என்று முடிவாயிற்று. யார் எதைச் செய்வது என்று அனிதா சொன்னாள். வெட்டுவது சின்னக்கண்ணு. ஒட்டுவது முத்தரசு. அந்தப் பசை லேசில் பிடிக்காது. காய்கிறவரை ஒருவர் விரலால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். முதலாளி ஒவ்வொரு மேசைக்குப் பின்னாலும் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தகட்டைக் கட்டை விரலால் அழுத்திக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே சின்னக்கண்ணு அடுத்த தகட்டை வெட்டினான். ஒயர்க் குப்பைக்குள் இரண்டு பேர் தலையும் முட்டிக்கொண்டன. முதல் மேசையில் பேச்சே இல்லை. மூன்றாம் மேசையில் முத்தரசு, "ஏழு கோணலா இருக்குடா" என்றார். "நீங்க பிடிச்சது கோணல் அண்ணே" என்றான் அவன். அதற்கப்புறம் அனிதா அங்கே நிற்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. டீ வாங்கிவரப் போய்விட்டாள்.

புதிய பட்டியலை அனிதா எழுதினாள். மேசை என்ற சொல்லே அதில் கிடையாது. எண், அந்த எண்ணுக்குச் சேர்ந்த மூடிகள், வெளியே போனால் தூக்கிக்கொண்டு போனவர் கையெழுத்து, திரும்பினால் மறுபடி அதே ஆளின் கையெழுத்து. பிள்ளைகளுக்குப் பரீட்சை நடந்து சென்டர் காலியாகக் கிடக்கிற மாதத்தில் எல்லாவற்றையும் போட்டு எண்ணிப் பார்ப்பது. ஒரு தடவை எண் ஏறுவதைப் பார்க்காமல் எந்தப் பெட்டியும் வாசல் தாண்டக் கூடாது. முத்தரசு அதில் ஒரு வரியைக்கூட மாற்றவில்லை.

ஒரு தகடு மட்டும் ஒட்டாமல் மிச்சமிருந்தது. தீபாவளி முடிந்ததும் சொக்குவின் கடைப் பெட்டியை எடுத்துவர அனிதாவும் சின்னக்கண்ணுவும் வேனில் போனார்கள். அந்தத் தகட்டைச் சின்னக்கண்ணு சட்டைப் பையில், ஸ்க்ரூ டிரைவருக்குப் பக்கத்தில் வைத்திருந்தான். கடையில் கூட்டமே இல்லை. துணியெல்லாம் கலைந்து கிடந்தது. சொக்கு அனிதாவை அடையாளம் கண்டுகொண்டு, "வாத்தா, கரண்டக் கொண்டுபோன பிள்ள" என்றார். பிறகு அவனைப் பார்த்து, "இது யாரு?" என்று கேட்டார்.

"இந்தப் பெட்டியிலருந்து நான்தான் திருடுனேன்னு சொன்னாகண்ணே" என்றான் சின்னக்கண்ணு. "அதான் ஒரு தடவ பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

சொக்கு வயிறு குலுங்கச் சிரித்தார். பில்காரரும் சிரித்தார். சின்னக்கண்ணுவும்தான் சிரித்தான். சிரித்துக்கொண்டே கூண்டுக்குள் கையை விட்டுப் பெட்டியை வெளியே எடுத்து, மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். நெற்றிச் சந்தனத்தைத் துணியால் துடைத்தான். பின்பக்கத்து சீல் மேல் விரல் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, நான் இதத் தொடுறது இதுதான் முதத் தடவ."

தகட்டில் பசை தடவி, சீலுக்குக் கீழே வைத்துக் கட்டை விரலால் அழுத்தினான். அனிதா பக்கத்தில் நின்றாள். சொக்கு உள்ளே போய் இரண்டு காபி சொல்லிவிட்டு வந்தார். காபி வந்து, குடித்து, டம்ளரை எடுத்துக்கொண்டும் போனார்கள். வேன்காரன் வெளியே ஒரு தடவை ஹாரன் அடித்தான். பசை எப்போதோ காய்ந்திருக்கும். அவன் விரலை எடுக்கவில்லை. எடு என்று அனிதாவும் சொல்லவில்லை.